பன்னிரண்டு கட்டம்

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் ஆபீஸ் காலியாகிவிடும். இருப்பதே ஐந்து பேர். நான்கு பேர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விடுவார்கள். அப்படியே சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். மிச்சம் நான் ஒருத்தி. பெயர் ஆலிஸ், வயது நாற்பத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கூட்டம். ஆகவே வெள்ளிக்கிழமைத் துப்புரவு என் தலையில் விழுந்தது.

துப்புரவு என்றால் துடைப்பக்கட்டை இல்லை. பீச் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. தீவிலும் பெருநிலத்திலும் உள்ள கிளினிக்குகள் நோயாளியின் உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துணுக்குகளைப் பரிசோதனைக்கு அனுப்புகின்றன அல்லவா, கூடவே ‘இதில் என்ன இருக்கிறது’ என்று ஒரு கேள்வி எங்கள் கணினி வழியாகப் பரிசோதனை லாபுக்குப் போகிறது. லாபின் பதிலும் எங்கள் வழியாகத்தான் கிளினிக்குக்கு வருகிறது. நடுவில் ஓடுவதற்கு மெசேஜ் பஸ் என்று பெயர். ஊருக்குள் ஓடும் ஆயர் ஈத்தாம் பஸ்ஸைப் போலத்தான் இதுவும். ஏற்றும், இறக்கும், யார் எதற்காகப் போகிறார்கள் என்று கேட்காது.

கேள்வி கிளம்பியவுடன் கணினி அதற்கு ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். பதில் மூன்று நாளில் வரலாம், நாற்பது நாளும் ஆகலாம். வந்தவுடன் தன் கோப்பைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும்; கிளினிக்குக்கும் நோயாளிக்கும் குறுஞ்செய்தி போகும்; கோப்பு மூடப்படும். தேடிப் பிடிப்பதற்குக் கேள்வியிலும் பதிலிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதுதான் உயிர். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

சில பதில்களுக்குக் கோப்பு கிடைக்காது. அவற்றைக் கணினி ஒரு தனிப் பெட்டியில் போட்டு வைக்கும். நாங்கள் அதை அனாதைப் பெட்டி என்போம். லாபுக்கு ஒரே முடிவை இரண்டு மூன்று தடவை அனுப்பும் வியாதி உண்டு. முதலாவது ஒட்டிக்கொண்டு கோப்பை மூடிவிடும். அடுத்தவை மூடிய கதவைத் தட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும். வாரத்துக்கு முப்பது நாற்பது சேரும். வெள்ளிக்கிழமை ஒரு மணி வாக்கில் நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ‘எல்லாவற்றையும் அழி’ என்ற பொத்தானை அமுக்குவேன். மூன்று வருடமாக இதுதான் நடந்தது. ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி அந்தப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோன நேரத்தில் மாடிப்படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் சாம்பல் நிறத் தூடோங், கையில் பிளாஸ்டிக் கோப்பு. மூச்சு வாங்கியது. ஃபெரித் துறையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

“மிஸ், கிளினிக்குக்கு சிஸ்டம் செய்றது நீங்கதானே? கிளினிக் ஸ்கிரீன்ல கீழ சின்ன எழுத்துல ஒங்க கம்பெனி பேரு இருந்துச்சு. அத எழுதிக்கிட்டு வந்தேன்.”

“நாங்கதான்க்கா. ஆனா இங்க நோயாளிங்கள பாக்க மாட்டோம்லா. கிளினிக்குலதான் கேக்கணும்.”

“கேட்டாச்சு” என்று சொல்லி, நான் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிட்டார். பெயர் நோர்மா. பெருநிலத்தில், கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் கிராணி, இருபத்தாறு வருட சர்வீஸ். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

“நான் ரெண்டு கடிதம் போட்டேன் மிஸ். ஒண்ணுக்குத்தான் பதில் வந்துருக்கு.”

கடிதம் என்று அவர் சொன்னது தன் உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளை. கிராணி என்றால் கிராணிதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பசி வேறு.

கோப்பிலிருந்து தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஏப்ரல் எட்டு, வலது மார்பில் சின்னக் கட்டி, ஊசி போட்டுத் துணுக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் பதினைந்து, இடது மார்பில் இன்னொன்று எடுத்தார்கள். ஏப்ரல் பதினெட்டு குறுஞ்செய்தி வந்தது: பரிசோதனை முடிந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை.

“எந்தப் பக்கம்னு அதுல இல்ல. கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸ் ஸ்கிரீனப் பாத்துட்டு, ‘கம்ப்ளீட் ஆயிருச்சுக்கா’ன்னாங்க. இந்த மாசமும் ரெண்டு தடவ கேட்டேன். அதே ஸ்கிரீன், அதே பதில். ஊசி போட்ட டாக்டர் வெளியேருந்து வர்றவரு, அவரும் ஸ்கிரீனத்தான் பாக்குறாரு. போன வாரம் நானே லாபுக்குக் கூப்டேன். சாதிக்னு ஒருத்தர் பேசுனாரு. முடிவ எங்கிட்ட சொல்லக் கூடாதாம். ஆனா ரெண்டையும் அனுப்பியாச்சு, ஒங்க சிஸ்டம் ரெண்டையும் வாங்கிக்கிச்சுன்னாரு. அனுப்புனவங்க அனுப்பிட்டாங்க. வாங்க வேண்டியவங்களுக்கு வரல. அப்ப நடுவுல யாரு?”

நடுவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

“ஐசி நம்பர் சொல்லுங்கக்கா.”

சொன்னார். தட்டினேன். ஒரே ஒரு கோப்பு வந்தது. ஏப்ரல் எட்டு: கேள்வி, வலது மார்பு. ஏப்ரல் பதினைந்து: இதே எண்ணில் மறுபடி கேள்வி, லாபுக்குப் போனது; கோப்பு ஏற்கெனவே திறந்திருப்பதால் புதிது திறக்கவில்லை. ஏப்ரல் பதினெட்டு: பதில், இடது மார்பு, பாதகமில்லை. கோப்பு மூடப்பட்டது.

மூன்று தடவை படித்தேன். வலது மார்பைப் பற்றிய கேள்வியின்மேல் இடது மார்பின் பதில் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கணினிக்கு இடது வலது தெரியாது. எண் ஒன்றாக இருந்ததா, ஒட்டு, மூடு, போய்க்கொண்டே இரு.

எண் எப்படி ஒன்றாக இருந்தது என்பதற்கு எனக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. நான் முதலில் எழுதிய திட்டத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் முப்பத்தாறு எழுத்தில் ஒரு தனி எண் இருந்தது. லாபின் பழைய இயந்திரத்தில் அந்த எண்ணைப் போட இடமில்லை. அதன் திரையில் மொத்தமே பன்னிரண்டு கட்டம். மூன்று வருடத்துக்கு முன்னால் கெலுகோரில் லாப்காரர்களோடு ஒரு கூட்டம் நடந்தது. எட்டுப் பேர் இரண்டு மணி நேரம் அந்தப் பன்னிரண்டு கட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நாட்டில் பன்னிரண்டு கட்டத்தைக் காட்டினால் பள்ளிப் பிள்ளைக்குக்கூட வேறென்ன ஞாபகம் வரும்? நூலகத்துக்கு ஐசி, சிம் கார்டுக்கு ஐசி, கட்டட வாசலில் காவலாளி கேட்பதும் ஐசி. அடையாள அட்டை எண் சரியாகப் பன்னிரண்டு இலக்கம். “ஐசியையே போட்டுடலாமே” என்றது நான். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். என் முதலாளி ஹனீபா அண்ணன் எல்லோருக்கும் சுடச்சுடக் கறிபப் வாங்கிக் கொடுத்தார். இவ்வளவு எளிதான ஒன்று ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு பரிசோதனை நடக்கலாம் என்பது அந்த எட்டுத் தலையில் ஒன்றிலும் உதிக்கவில்லை.

நோர்மாவிடம் விளக்கினேன். பாதி சொன்னதுமே பிடித்துக்கொண்டார்.

“ஆளோட ஐசிதான் கடிதத்தோட நம்பரா?” அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு கிராணியின் அருவருப்பு இருந்தது. “எங்க ஆபீஸ்ல நேத்து சேர்ந்த பிள்ளகூட அப்படிச் செய்யாது மிஸ். ஃபைலுக்கு ஒரு நம்பர். அதுக்குள்ள போற ஒவ்வொரு கடிதத்துக்கும் பிராக்கெட் போட்டு தனி நம்பர். பதில் எழுதுனா மேல ‘ருஜுக்கான் துவான்’னு அந்த நம்பர போடணும். இல்லன்னா எந்தக் கடிதத்துக்குப் பதில்னு யாருக்குத் தெரியும்?”

உங்கள் பார்வை எண், எங்கள் பார்வை எண். மலாய்க் கடிதத் தலைப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்னவோ சம்பிரதாயம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

“சரி, அந்த ரெண்டாவது பதில் எங்க?” என்றார்.

கோப்பு மூடிய பிறகு வந்திருந்தால் அது அனாதைப் பெட்டியில்தான் விழுந்திருக்கும். பெட்டியிலிருந்து அழித்தவற்றைக் கணினி தொண்ணூறு நாள் ஓர் ஓரத்தில் வைத்திருந்து, பிறகு நிரந்தரமாகத் தொலைத்துவிடும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாள் இருந்தது. தேடினேன். நான்கு நொடிகூட ஆகவில்லை. பதினொரு வாரமாக இவர் கைக்கு வராத காகிதம் நான்கு நொடியில் வந்து நின்றது.

வந்து சேர்ந்தது: ஏப்ரல் முப்பது. அழிக்கப்பட்டது: மே இரண்டு, வெள்ளி, மதியம் ஒன்று ஐந்து. அழித்தவர்: ஆலிஸ்.

அதன் கீழே பதில் முழுவதும் இருந்தது. படித்திருக்கக் கூடாது, படித்தேன். மருத்துவம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது வரியிலேயே அந்தச் சொல் இருந்தது.

“கெடச்சிருச்சா மிஸ்?”

“கெடச்சிருச்சுக்கா.” திரையை அணைத்தேன். “ஆனா நான் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்லணும்.”

கிளினிக்குக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை, இரண்டரை வரை பூட்டியிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபது. விஷயம் தெரிந்த ஒருத்தியும் தெரிய வேண்டிய ஒருத்தியும் எழுபது நிமிடம் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

நோர்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒங்களுக்குப் பொய் சொல்ல வரல மிஸ்” என்றார். “பரவால்ல. சொல்லாதீங்க. அடுத்தவங்க கடிதத்த நானும் ஆபீஸ்ல பிரிச்சிருக்கேன், வெளிய சொன்னதில்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தன நாளு அது எங்க கெடந்துச்சு?”

சிஸ்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் தொழிலில் எல்லாப் பாவத்தையும் அதன் தலையில் கட்டிவிடலாம்; அது வாய் திறக்காது. வாய்வரை வந்துவிட்டது.

“வந்தது ஏப்ரல் முப்பது. மே ரெண்டாம் தேதி மதியம் நான் அழிச்சிட்டேன்க்கா. வேணும்னு இல்ல. மூணு வருஷமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம செய்ற மாதிரி, குப்பைன்னு நெனச்சு, என்னன்னு பாக்காம அழிச்சேன்.”

சொல்லிவிட்டு விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான். வேறு பெயர் சொல்லி அதை அழகுபடுத்த முடியாது.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பிளாஸ்டிக் கோப்பிலிருந்து சின்ன நாட்குறிப்பு ஒன்றை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினார்.

“மே ரெண்டு. வெள்ளிக்கிழம. அன்னிக்கி எங்க வீட்ல கெண்டூரி மிஸ். ஒண்ணுமில்லன்னு முடிவு வந்துச்சுல்ல, அதுக்கு துஆ ஓதி நாப்பது பேருக்குச் சோறு போட்டோம். நீங்க அத அழிக்கிற நேரத்துல நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துருப்பேன்.” நாட்குறிப்பை மூடினார். “வந்தவங்கள்ல பாதிப் பேரு அழுதாங்க, சந்தோசத்துல.”

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை.

“என்னோடது மட்டும்தானா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மூணு வருஷமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம அழிச்சேன்னு சொல்றீங்க. இதே மாதிரி ரெண்டு கடிதம் போட்டவங்க வேற யாரும் இல்லியா? தேடிப் பாருங்க மிஸ். சும்மாத்தானே ஒக்காந்துருக்கோம்.” பிறகு, “தொழ எடம் இருக்கா?” என்று கேட்டார்.

ஹனீபா அண்ணன் தொழுவதற்கென்று பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. காட்டிவிட்டு வந்து தேடினேன். தொண்ணூறு நாளுக்குள் அழிக்கப்பட்டவை நானூற்றுச் சொச்சம். வெறும் நகல்களைக் கழித்தேன். நோர்மாவுடையது போக, உண்மையிலேயே வேறு துணுக்கைப் பற்றியவை மூன்று மிஞ்சின. மூன்று பேர். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது ஆளின் பதிலிலும் அதே சொல் இருந்தது. அறுபத்தெட்டு வயது ஆண், முதுகில் மச்சம். மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். தொண்ணூறு நாளுக்கு முன்னால் அழித்தவற்றைப் பற்றி அந்த நிமிடத்தில் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். அவற்றைத் தேட எங்களிடம் வழியில்லை. லாபிடம்தான் பழைய பிரதிகள் இருக்கும்.

ஹனீபா அண்ணன் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். படியருகில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தாளையும் கொடுத்தேன். நல்ல மனிதர். தலையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குள்ளிருந்த முதலாளி எழுந்துகொண்டார்.

“ஆலிஸ், நீ அழிச்சேன்னு சொல்லாதம்மா. சிஸ்டம்ல பிரச்சினைன்னு சொல்லிரு. வக்கீல்கிட்ட பேசிட்டு மத்தத பாப்போம்.”

“சொல்லியாச்சு அண்ணே.”

“என்னன்னு?”

“நான்தான்னு.”

“ஐயோ, நீ ஒண்ணு லா!” என்றார். ஆனால் அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கிளினிக் திறக்கக் காத்திராமல், டாக்டரின் சொந்த எண்ணுக்கே அடித்தார். டாக்டர் பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாராம். ஹனீபா அண்ணன் மலாயில் ஐந்து நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினார். லாப் அனுப்பிய பதிலை நான் டாக்டரின் திரைக்குத் தள்ளிவிட்டேன். இந்தத் தடவை எண்ணை மட்டும் நம்பவில்லை. பெயர், தேதி, எந்தப் பக்கம், எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்து, வாய்விட்டு ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

இரண்டே முக்காலுக்கு நோர்மாவின் கைப்பேசி அடித்தது. அவர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹனீபா அண்ணன் தன் மேசையில் உட்கார்ந்து காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தார். உள்ளிருந்து, “யா, டாக்டர்… யா… பைக், டாக்டர்” என்று மட்டும் கேட்டது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பதினைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். தூடோங்கைச் சரிசெய்து ஊசி குத்தியிருந்தார். என் எதிரில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தார்.

“திங்கக்கிழம பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாரு. மறுபடி ஸ்கேன் எடுத்துட்டுத்தான் எவ்வளவு வெட்டணும்னு சொல்வாங்களாம். நான் ஒண்ணு கேட்டேன் அவர்கிட்ட. ஏப்ரல்லயே தெரிஞ்சிருந்தா சின்னதா முடிஞ்சிருக்குமான்னு. பேச்ச மாத்திட்டாரு.”

“நாங்க என்ன செய்யணுமோ சொல்லுங்கக்கா. செய்றோம்” என்றார் ஹனீபா அண்ணன் பின்னாலிருந்து. நோர்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

“டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப நீங்க பேசலாம்ல மிஸ்? அந்தக் கடிதத்துல அளவு போட்டிருந்துச்சா? ஏப்ரல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு?”

போட்டிருந்தது. கேள்வியில் கிளினிக் எழுதியதை லாப் பதிலின் தலையில் திருப்பி எழுதியிருந்தது.

“ஒன்பது மில்லிமீட்டர்க்கா.”

அவர் சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினார். “இவ்வளவா?”

“அவ்வளவுதான்.”

அந்த நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூடோங்குக்குள் விட்டு வலது பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப லிமாவ் கஸ்தூரி அளவுக்கு, அந்தக் குட்டி எலுமிச்ச அளவுக்கு இருக்கு மிஸ். மே மாசக் கடைசியிலேயே குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு. எழுத்துல ஒண்ணுமில்லன்னு இருக்கே, என் கைக்கு என்ன தெரியும்னு ஒரு மாசம் விட்டுட்டேன்.”